எட்டாவது வரி எங்கே? விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி அமைந்த விதிக் குழுவின் மாண்புமிகு தலைவர், உறுப்பினர்கள், சென்னை உயர் நீதிமன்றம்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

போன வாரம் ஊட்டியில் ஒரு தாவா (சிவில் வழக்கு), வாதிக்குச் சாதகமாகச் 'செலவுத்தொகையுடன்' டிக்ரி ஆனது; அதாவது தோற்றவர், ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் தர வேண்டும் என்ற தீர்ப்பாணை. அந்த டிக்ரியின் அடியில் இருந்த செலவுப் பட்டியல்தான் இந்த மடலை எழுத வைத்தது. பிராது முத்திரை, வக்காலத்து முத்திரை, ஆவண முத்திரை, வக்கீல் கட்டணம், சாட்சிப் படி, கமிஷனர் கட்டணம், சம்மன் சார்வு செய்யும் பேட்டா என்று ஏழு வரி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிற்சேர்க்கை டி, முதல் படிவம். தாங்கள் அறியாததல்ல. ஜெயித்தவர் கோர்ட்டுக்கு வந்துபோன செலவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பந்தலூர் வட்டத்துச் சேரம்பாடியிலிருந்து ஊட்டிக்கு வரும் வாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர் வந்து பஸ் மாற வேண்டும். அங்கிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலை ஏற்றம். மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பஸ் நின்ற இடத்திலேயே பகல் போய்விடும். காலை 10.30-க்குப் பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டுமென்றால் முதல் நாளே வந்து தங்குவதுதான் பத்திரம். ஏப்ரல் சீசனில் ஊட்டி லாட்ஜ் என்ன வாடகை கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவருடைய சாட்சியும் வருகிறார். சாட்சியின் டிக்கெட் 'செலவு'. வாதியின் டிக்கெட் செலவே இல்லை.

2002 ஜூலையிலிருந்து சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகிறது. கோர்ட்டின் நேரம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணைக்கு ஆள் கூண்டில் ஏறியாக வேண்டும். ஏற வந்த அன்று எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும், வாய்தா விழும், மறுபடி பஸ். மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று 17-ஆம் கட்டளை சொல்வதை நம்பி யாரும் ஊட்டியில் அறை எடுப்பதில்லை. வாய்தா கேட்டவர் மற்றவரின் அன்றைய வருகைச் செலவை ஈடுகட்ட உத்தரவிடலாம் என்கிறது 35பி பிரிவு. உத்தரவு வந்தாலும், சேரம்பாடிக்கு ஒரு டிக்கெட் என்ன விலை என்று கேட்டுப் போட்ட தொகையாக அது இருப்பதில்லை. மாறாக, பஸ் தாமதமாகி தாவா, ஆஜராகாத தவறுகைக்காகத் தள்ளுபடியானால், மீட்க மனுப் போடுபவர் தலையில் செலவுத்தொகை தவறாமல் விழுகிறது.

இதை மாற்றச் சொன்னது நாங்கள் அல்ல. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது: செலவுத்தொகை என்பது உண்மையான, நியாயமான செலவு, ஜெயித்தவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் அதில் அடங்கும், தேவையான இடத்தில் உயர் நீதிமன்றங்கள் விதி செய்யட்டும் என்று. சேலம் இங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

கோர்ட்டுக் கட்டணம் குறைந்ததை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். 5 லட்சம் மதிப்பிட்ட தாவாவுக்கு 37,500 ரூபாய் கட்டியது போய், 2017 முதல் 3 சதவீதம், அதாவது 15,000. ஆனால் கட்டணம் ஒருமுறை கட்டுவது. பஸ் ஒவ்வொரு வாய்தாவுக்கும்.

குன்னூர் தேயிலை ஏலத்தில் தூள் வாங்கும் இரண்டு வியாபாரிகளுக்குள் 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால் கதை வேறு. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டப்படி, தோற்றவர் கட்டுவதே பொது விதி; வழக்கு தொடர்பான மற்றச் செலவுகளும் கணக்கில் வரும்; பொய் வழக்குக்கான ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பும் கிடையாது. தேயிலைச் சரிவில் வரப்பை வெட்டித் தள்ளியவர் சாதாரண தாவாவில் பொய் எதிர்வாதம் செய்தால் மட்டும், ஈட்டுத்தொகை 1977 முதல் இருக்கும் அதே 3,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அது நாடாளுமன்றத்தின் வேலை, தங்களுடையதல்ல, வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டோம். வக்கீல் அல்லாத வெளியார் வழக்குக்குப் பணம் போடத் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். 12 சென்ட் நிலத் தகராறுக்குப் பணம் போட எந்த நிதியாளர் மலையேறுவார்? இங்கே தாவாவுக்கு நிதி நகைக்கடன்தான். அந்த வட்டிக்கு ஒன்பதாவது வரி கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

கேட்பது எட்டாவது வரி மட்டும். 122-ஆம் பிரிவின் கீழ் அந்தப் படிவத்தில் 'தரப்பினர் வருகைச் செலவு' என்று சேர்த்துத் தாருங்கள். தரப்பினர் நேரில் வர வேண்டியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு பஸ் கட்டணம் போக வர, சாட்சிக்கு உள்ள அதே விகிதத்தில் ஒரு நாள் படி, முதல் பஸ் 10.30-க்குள் வந்து சேராத ஊர் என்றால் ஓர் இரவு தங்கும் செலவு. வந்ததற்குக் கோர்ட்டு நாட்குறிப்பே சாட்சி. டிக்கெட்டை ஒட்டித் தரவும் தயார். கூடவே, ஜெயித்தவருக்குச் செலவு மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்ற 35(2)-ஐக் கீழ்க் கோர்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கையில் நினைவூட்டுங்கள். 'வழக்கின் தன்மை கருதி' என்ற மூன்று சொல் காரணம் ஆகாது.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் வட்டத்து வழக்காடிகளும் வக்கீல் குமாஸ்தாக்களும்