பயிற்சி ஆசிரியர்கள் சந்திப்பு: வரும் ஞாயிறு காலை 10 மணி

வணக்கம். நம் பி.எட். பிள்ளைகள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிற்சிக்குப் போகிறார்கள். பகலெல்லாம் நின்றபடி பாடம், ராத்திரி பாடக்குறிப்பு, சார்ட். தொண்டை கட்டிப்போய், மதியச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. அதை இப்படி ஓட்ட முடியாது.

ஞாயிறு நூலகத்தில் கூடுகிறோம்.

1. பயிற்சியில் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். மனசு விட்டுப் பேசலாம். எதுவும் கல்லூரிக்குப் போகாது.
2. சீனியர்கள் பழைய சார்ட், மாதிரிகள் இருந்தால் கொண்டுவாருங்கள்.
3. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் மதியச் சாப்பாடு தர முடியுமா? சொல்லுங்கள்.
4. ரொம்ப முடியவில்லை என்றால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயர் போடுங்கள்.