ஆரம்பப் பிரிவுக்கும் உளவளத்துணையாளர் வேண்டும்: கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கென, அந்த வயதுக்குரிய பயிற்சி பெற்ற, வேறு பாடச்சுமை ஏற்றப்படாத உளவளத்துணையாளர்களை, அதாவது பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்டு வழிகாட்டுபவர்களை, நியமிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பாடசாலையில் உளவளத்துணை என்றதும் நம்மில் பலருக்குப் பதின்ம வயதினரே நினைவுக்கு வருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன கவலை இருக்கப்போகிறது என்ற எண்ணம் பெற்றோரிடமும் உண்டு, பாடசாலைகளிலும் உண்டு. ஆனால் அந்த வயதுப் பிள்ளை தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அது திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலியாக வெளிப்படும். காரணமின்றிப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவதாக வெளிப்படும். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென வாசிக்க மறுப்பதாகவும் வெளிப்படும். வகுப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை இதைக் கவனித்தாலும், அதன் காரணத்தைத் தேடிப் பொறுமையாக உட்கார அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

நமது மாவட்டத்தில் அந்தக் காரணங்களுக்குக் குறைவில்லை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணியாளராக இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த அன்றைய சிறுவர்கள் பலர் இன்று பெற்றோர். அவர்களுள் ஆறாமல் இருப்பவை வீட்டுக்குள் பிள்ளைகளையும் தொடுகின்றன. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிச்செல்லும் மிதவையான படகுப்பாதை கவிழ்ந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்களும் உயிரிழந்தனர். அத்தகைய ஒரு நாளின் மறுநாள், வெறுமையான இருக்கையை எடுத்துவிடுவதா விட்டுவைப்பதா, இறந்த நண்பன் எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதை ஓர் ஆசிரியை தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. “அவன் தூங்குகிறான்” என்று அன்போடு சொல்லும் பதில்கூட ஒரு சிறு பிள்ளையை இரவில் கண்மூடப் பயப்படவைக்கும். மரணத்தை எளிய, உண்மையான சொற்களில் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியால் வருவது.

ஆரம்பப் பாடசாலையில் உளவளத்துணையாளரின் பணி ஓர் அறையில் காத்திருப்பதன்று. அவர் எல்லா வகுப்புகளுக்கும் ஒழுங்காகச் சென்று, கோபத்தையும் பயத்தையும் பெயர்சொல்லி அறியவும், வேண்டாத தொடுகையை மறுக்கவும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லவும் கற்றுக்கொடுப்பார். உதவி தேவைப்படும் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகவோ தனியாகவோ சந்தித்து, வரைதலும் விளையாட்டும் கதையும் வழியாகப் பேசவைப்பார். வீட்டாரையும் வகுப்பாசிரியரையும் ஒரே பக்கத்தில் நிற்கவைப்பார்; தன் ஆற்றலுக்கு மேற்பட்டதை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார். பிள்ளை சொல்வதைக் காப்பார். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து எனத் தெரிந்தால் அதிபருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும், தேவையெனில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவிப்பார். இந்த எல்லையைப் பிள்ளைக்கு முதலிலேயே விளக்குவதும் அவர் கடமை.

இந்தப் பணியைக் கெடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, அவரை ஒழுக்காற்றுப் பொறுப்பாளராக்குவது. குழப்படி செய்த பிள்ளையைத் தண்டனையாக அவரிடம் அனுப்பினால், அதன்பின் எந்தப் பிள்ளையும் அந்தக் கதவைத் தானாகத் தட்டாது. மற்றது, லீவில் உள்ள ஆசிரியர்களின் வகுப்புகளையும் விழாப் பொறுப்புகளையும் அவர் தலையில் கட்டுவது. நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். ஏனெனில் இதை யாரும் தீய நோக்கத்தோடு செய்வதில்லை, ஆளில்லாமையே செய்யவைக்கிறது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை, சித்தியடைந்தவர்களின் படங்கள் பாடசாலை வாசலில் தொங்குவதைக் கடந்துதான் உள்ளே வருகிறது. அந்த வாரத்தில் அந்தப் பிள்ளையோடும், அதைவிட அவசரமாக அதன் தாய் தகப்பனோடும் பேச ஒருவர் இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பாடசாலை உளவளத்துணையாளர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவரைப் பரிந்துரைக்கிறது. அந்த அளவை உடனடியாக நான் கேட்கவில்லை. பெரிய ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒருவரும், சிறிய பாடசாலைகள் சிலவற்றுக்குச் சேர்த்து, குறித்த கிழமைகளில் தவறாமல் வந்துபோகும் ஒருவருமாகத் தொடங்கலாம். ஆரம்பக் கல்வியில் அனுபவமும் விருப்பமும் உள்ள ஆசிரியர்களைத் தெரிவுசெய்து முழுநேரப் பயிற்சி அளித்தால், பிள்ளைகளின் பேச்சுத் தமிழும் குடும்பச் சூழலும் அறிந்தவர்கள் நமக்குக் கிடைப்பார்கள்.

அடுத்த கல்வியாண்டின் ஆளணித் தேவைகளை வலயங்களிடம் கோரும்போது, ஆரம்பப் பிரிவு உளவளத்துணையாளர் என்ற பதவியையும் அந்தப் படிவத்தில் சேர்க்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
திருகோணமலை