அந்தக் கிரகத்தை உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நாம் இருவரும் விளையாடுகிற அந்த விண்வெளி வீடியோ விளையாட்டைப் பற்றிப் போன வாரம் போனில் நீ சொன்ன ஒன்று மனசிலேயே நிற்கிறது. "எலைட் டேஞ்சரஸைத் தொட்டே நாளாச்சுப்பா. எவ்வளவு சுற்றியும் பூமி மாதிரி ஒரு கிரகம்கூட எனக்குக் கிடைக்கலை. அதுக்கெல்லாம் அதிர்ஷ்டம் வேணும்" என்றாய். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள், பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு, ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை.

அந்த விளையாட்டில் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். விளையாட்டு வந்தது 2014 டிசம்பரில். இத்தனை வருஷத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து அதில் ஒரு சதவீதத்தைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. அந்தக் கணக்கைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கிரகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தூவி வைக்கவில்லை, பாப்பா. ஸ்டெல்லர் ஃபோர்ஜ் என்று அதன் உள்ளே ஓடுகிற நிரல், ஒரு இடத்தில் எவ்வளவு பொருள் இருந்தது, வயது என்ன, நட்சத்திரத்தின் எடை என்ன என்று பார்த்துத்தான் கிரகங்களை உண்டாக்குகிறது. விதி இருக்கிற இடத்தில் தேடவும் ஒரு முறை இருக்கும்.

அந்த முறை ஊர்ப்பெயரிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு மண்டலத்தின் பெயரின் கடைசியிலும் ஒரு சின்ன எழுத்தும் எண்ணும் வரும், கவனித்திருப்பாய். நில அளவையில் முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலி பிடித்தவனுக்கு அது சர்வே எண்ணும் உட்பிரிவும் மாதிரிதான் தெரிந்தது. 'ஏ' என்றால் பத்து ஒளியாண்டுக் கட்டம், அடுத்தது இருபது, அப்படியே இரட்டிப்பாகி 'எச்' 1,280 ஒளியாண்டு. கட்டம் பெரிதாக ஆக உள்ளே இருக்கும் நட்சத்திரமும் கனம். 'எச்' பக்கம் போனால் கருந்துளை பார்க்கலாம், 'ஏ' பக்கம் மங்கலான சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள். நமக்கு வேண்டிய, சூரியனை ஒத்த எஃப், ஜி, கே வகை நட்சத்திரங்கள் 'டி' கட்டத்தில் நிறைய. நான் வழியை அப்படித்தான் போடுகிறேன். கப்பலுக்கு எரிபொருள் அள்ளவும் அந்த வகைகள் தோது.

இனி உன் விஷயம். நீ பறப்பதை உன் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜம்ப் அடித்து ஒரு நட்சத்திரத்துக்குத் தாவுவாய், அங்கே என்னென்ன இருக்கிறது என்று துழாவ ஹாங்க் அடிப்பாய், அந்த ஊதல் முடிவதற்குள் அடுத்த நட்சத்திரத்தைக் குறிவைத்துவிடுவாய். 2018 டிசம்பரில் கிரகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கப் புது ஸ்கேனர் கொடுத்தார்களே, அதைத் திறக்கவே மாட்டாய். திறந்தால் திரைக்கு அடியில் நீளமாக ஒரு பட்டை. அதில் வலது ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்பவை வாயுக் கோள்கள். அதற்குச் சற்று இடப்பக்கம், ஒரு குறுகிய இடத்தில், அம்மோனியா உலகம், தண்ணீர் உலகம், பூமி மாதிரி உலகம் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. முதலில் அந்த இடத்தை மட்டும் பார். கோடு எதுவும் இல்லையா, சரி, கிளம்பு. இருந்தால் நிதானமாக அலைவரிசையை நகர்த்து. சில நொடி வேலை. இதைச் செய்யாமல் தாண்டி வந்த மண்டலங்களில் ஒன்றிரண்டு பூமி இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாயுக் கோளைச் சுற்றும் நிலாக்களையும் விட்டுவிடாதே, அங்கேயும் அமையும்.

அதிர்ஷ்டம் இல்லை என்று ஒருவரைச் சொல்லலாமென்றால் அது லெ ஜான்தீ. நம் ஊருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து அளக்க 1760ல் புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட்டது. ஜூன் 6ஆம் தேதி சுக்கிரன் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்றார். பார்த்தார், அளவு எடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே சுற்றியிருந்து 1768ல் புதுச்சேரி வந்தார். கவர்னர் லா இடம் கொடுத்தார், இடிந்த கட்டடத்தின் மேல் ஆய்வுக்கூடம் எழும்பியது. காத்திருந்த நாட்களில் இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் நம்மவர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. சுக்கிரன் கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. பிரான்சுக்குத் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாக நினைத்து அகாடமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அவர் பார்க்க நினைத்த அதே சங்கதியை வைத்துத்தான் கெப்ளர் தொலைநோக்கி 2009ல் இருந்து வேறு சூரியன்களின் கிரகங்களைத் தேடியது. கிரகம் குறுக்கே போனால் நட்சத்திரம் துளி மங்கும். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதைத் தூரத்தில் இருந்து ஒருவர் பார்த்தால் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதைக் கண்டுபிடிக்க லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை அது கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்படித் தேடிக் கண்டவை 2,600க்கும் மேல். அதில் நம் பூமி போலவே ஒன்று, காற்றும் தண்ணீரும் உறுதியாகத் தெரிந்து, இன்றுவரை இல்லை. அதனால்தான் அந்தத் திரையில் நீலமாக ஒன்று வந்து நின்று, பக்கத்தில் நைட்ரஜன் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, வெப்பம் 288 கெல்வினை ஒட்டி என்று எழுதிக் காட்டும்போது எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. கணக்குப் போட்டு உண்டாக்கிய உருண்டைதான், தெரியும். ஆனால் அந்தக் கணக்கு எத்தனை இடத்தில் தவறி எங்கே ஒன்றில் பொருந்துகிறது என்று கண்ணால் பார்க்க எனக்கு வேறு வழி கிடையாது.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். விளையாட்டில் உன் ஆஸ்ப் கப்பல் அந்தத் தொலைதூரக் குடியிருப்பான கொலோனியாவில்தானே நிற்கிறது? அங்கிருந்து ஒரு சாயந்திரத்தில் எட்டிவிடுகிற தூரத்தில் ஒரு ஜி வகை நட்சத்திரம். இதுவரை யாரும் போகாத இடம். ஹாங்க் அடித்தேன், பட்டையைப் பார்த்தேன், பூமி இருக்க வேண்டிய இடத்தில் கோடு. அதோடு ஸ்கேனரை மூடிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்திருந்தால் கிரகம் என் கணக்கில் ஏறியிருக்கும். நட்சத்திரத்துக்கு என் பெயர் போகட்டும், கிரகத்துக்கு 'முதலில் கண்டது' என்று உன் பெயர் இருக்க வேண்டும். தண்ணீர் உலகத்தின் கோடும் அதை ஒட்டியே வரும் என்பதால் இது அதுவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண்டலத்தின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நாள் கடத்தாதே, வேறு யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் போச்சு. சனிக்கிழமை ராத்திரி உனக்கு வேலை இல்லையே? இங்கே ஞாயிறு காலை, நான் டிபனை முடித்துவிட்டு அந்த நட்சத்திரத்துப் பக்கத்திலேயே நிற்கிறேன். திரும்பும்போது அவசரப்பட்டு எங்கேயும் மோதிவிடாதே. ஸ்டேஷனில் இறங்கித் தரவை விற்றால்தான் பெயர் பதியும், கப்பல் உடைந்தால் எல்லாம் போய்விடும். நான் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா