எலியின் வாலும் என் கையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிணநீர் வடிய வழியில்லாமல் கை கால் வீங்குகிற நிணநீர் வீக்கம் எலிகளில் குணமாகிவிட்டது, மருந்து வரப்போகிறது என்று நீங்கள் போட்ட செய்தியை அன்றைக்கு மதியத்துக்குள் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்கள் மேல் தப்பில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக என் அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து, தொல்லை விட்டது என்று நினைத்திருந்த இரண்டாவது வருடத்தில் கை வீங்க ஆரம்பித்தது, இன்றைக்கும் காலையில் எழுந்ததும் இறுக்க உறையை மாட்டினால்தான் மற்ற வேலை.

ஆனால் எலிக்கு வீக்கம் எங்கே இருந்தது என்று செய்தியில் ஒரு வார்த்தை இல்லையே. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வால்தான். வாலின் அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வளையமாக வெட்டியெடுத்து நிணநீர்க் குழாய்களைத் துண்டிப்பார்கள், இரண்டு வாரத்தில் வால் புடைத்துவிடும். அப்புறம்? மருந்தே கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் அது பாட்டுக்கு வடிய ஆரம்பிக்கும், எலிக்கு நிணநீர் வேறு வழி தேடிக்கொள்வது அவ்வளவு சுலபம். எனக்கு வடியாது. தானாக வடிகிற வீக்கத்தை மருந்து கொஞ்சம் சீக்கிரம் வடிய வைத்தால் அதற்குப் பெயர் குணமா?

எலி ஆய்வே வீண் என்று சொல்ல வரவில்லை. சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் இல்லாத எலிகளுக்கு அதே வெட்டுப் போட்டாலும் வால் அவ்வளவாக வீங்குவதில்லை. இது வெறும் நீர்க்கோவை இல்லை, அழற்சியால் தோலுக்கடியில் நார்த்திசுவும் கொழுப்பும் சேர்கிற நோய் என்பது அந்த வாலை வைத்துத்தான் தெளிவானது. பின்னங்காலில் முடிச்சுகளை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்து வீங்கவைக்கிற முறையும் இருக்கிறது, எங்கள் கதைக்கு அது இன்னும் கிட்ட.

ஆனால் யூபெனிமெக்ஸ் என்ற மருந்து என்ன ஆனது? 2017-ல் எலி வாலில் நன்றாக வேலை செய்ததாக ஆய்வு வெளிவந்தது, என்னைப் போன்றவர்கள் எவ்வளவோ நம்பினார்கள். 2018-ல் கால் வீக்கம் உள்ளவர்களிடம் நடந்த சோதனை முடிந்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. முதல் செய்தி ஊரெல்லாம் சுற்றியது, இரண்டாவதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதனால், அடுத்த முறை எலி என்று எழுதினால் வாலா காலா, மருந்து கொடுக்காத எலிக்கு வீக்கம் எத்தனை நாள் நின்றது, மருந்தை வெட்டின கையோடு கொடுத்தார்களா அல்லது வீங்கிக் கெட்டியான பிறகா, இவ்வளவையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில்தான் எனக்கு முக்கியம், கை வீங்கி ஏழு வருடம் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி