எம்.சி.பி.யை மாற்றுவதற்கு முன்

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏசி ஓடும்போது கீசரையும் போட்டால் சற்று நேரத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது என்றும், 32 ஆம்பியருக்கு மாற்றிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். ஒயரை மாற்றாமல் அதைச் செய்ய விடாதே.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரைத்தான். ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 7 ஆம்பியரும், 3000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுத்தால் மொத்தம் 20 ஆகிறது. எம்.சி.பி.க்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது. 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ ஏறக்குறைய 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரமானாலும் அசையாது. அதற்குள் உன் வீட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரின் உறை இளகத் தொடங்கிவிடும்.

ஸ்விட்சைப் போட்ட கணத்திலேயே விழுந்தால் கதை வேறு. அங்கே வேலை செய்வது காந்தச் சுருள். எண்ணுக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் எழுத்து அதைப் பற்றியது. மின்சாரம் அந்த எண்ணைப்போல் எத்தனை மடங்கு பாய்ந்தால் என்று கணக்கு: பி வகை மூன்று முதல் ஐந்து மடங்கிலும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கிலும், டி வகை பத்து முதல் இருபது மடங்கிலும் உடனே விழும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால் ஏசிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொதுவாக சி வகையைப் போடுகிறார்கள்.

சென்ற மாதம் காசிமேட்டில் மைத்துனர் வீட்டில் எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து பார்த்தேன். உப்புக் காற்றில் நியூட்ரல் பட்டையின் திருகுகள் பச்சை பூத்திருந்தன. தளர்ந்த ஒரு முனையில் ஒயரின் உறை கருகி விறைத்துப் போயிருந்தது. அளவு சரியான எம்.சி.பி.யும் இந்தச் சூட்டைக் கண்டுகொள்ளாது. மின்கசிவையும் அது அறியாது. அதற்கு, கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும்.

கீசரை இருக்கும் லைனிலேயே விட்டு, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன் இழுத்து சி20 போடச் சொல். அதற்கு முன், மெயினில் என்ன எழுதியிருக்கிறது, மீட்டரிலிருந்து வரும் ஒயர் எவ்வளவு தடிமன் என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
குமரேசன்