ஷெல் ஆய்வகத்தில் ஃபேக்டோரியல் வேண்டாம்: கணினித்துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கல்லூரிகளில் இயக்கமுறைமை ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளோடு அன்றாடம் பழகுகிறேன். கெட்டிக்காரர்கள். ஆனால் ஷெல் ஸ்கிரிப்டில், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல் என்ற நிரலுக்காக எழுதும் கட்டளைத் தொகுப்பில், என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: ஃபேக்டோரியல், லீப் ஆண்டு, ஃபிபொனாச்சி. ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். கணினியில் நடப்பவற்றைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளை ஒரு ஃபோல்டர் நிறையக் கொடுத்து, எந்தக் கோப்பில் பிழைச் செய்தி அதிகம் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள்.

குறை அவர்களிடம் இல்லை, பயிற்சிகளில் இருக்கிறது. கணக்குப் போட ஷெல் ஏற்ற இடமே அல்ல. பாஷ் (bash) என்ற ஷெல்லின் கணக்கில் தசமப் புள்ளிக்குக்கூட இடம் கிடையாது.

ஃபேக்டோரியல் நிரலையே பாருங்கள். கணக்குப் போடும் எக்ஸ்பர் (expr) கட்டளையில் பெருக்கல் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) இடச் சொல்லித் தருகிறோம். மாணவரும் மனப்பாடம் செய்துகொள்கிறார். அது எதற்கு? * என்ற குறியைக் கண்டதும், அந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் பெயர்களையெல்லாம் ஷெல் அங்கே நிரப்பிவிடும். எக்ஸ்பர் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதன் கைக்குப் போவது பெருக்கல் குறி அல்ல, கோப்புப் பெயர்களின் வரிசை. நாம் தட்டிய வரியை ஷெல் முதலில் தானே விரித்து, பிறகுதான் நிரலிடம் ஒப்படைக்கிறது என்ற இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால் பாதி ஷெல் புரிந்துவிடும். கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ (echo) கட்டளையை அடித்து ஓர் இடைவெளி விட்டு * போட்டால், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதைக் காட்டாமல் பின்சாய்கோட்டை மட்டும் எழுத வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மேற்கோள் குறிக்கும் இதே கதைதான். கோப்பின் பெயரை வைத்திருக்கும் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லையென்றால், "மார்க் பட்டியல்" என்ற ஒரே கோப்பு ஷெல்லுக்கு இரண்டு சொற்களாகிவிடும். அழிக்கும் கட்டளையோடு அது சேர்ந்தால், "பட்டியல்" என்ற பெயரில் இருக்கும் வேறொரு கோப்பு காணாமல் போகும். அழிப்பதற்கு முன் அதே வரியை எக்கோவோடு ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஏற்படுத்தலாமே!

நிரல்களைத் தோட்டக் குழாய்களைப்போல ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இல் எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸ் இயக்கமுறைமையில் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் அனுப்பும் | என்ற குறிக்குப் பின்னால் இருப்பது அந்த எண்ணம். ஷெல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வலைத்தள சர்வரின் லாக் கோப்பைக் கொடுங்கள். எந்த முகவரியிலிருந்து அதிகக் கோரிக்கைகள் வந்தன என்று கேளுங்கள். முகவரி இருக்கும் முதல் நெடுவரிசையைப் பிரிக்க கட் (cut), அடுக்க சார்ட் (sort), எண்ண யூனிக் (uniq), எண்ணிக்கைப்படி அடுக்க மறுபடியும் சார்ட். ஒரே வரியில் விடை வந்துவிடும். முதல் சார்ட்டை விட்டுவிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளைத்தான் யூனிக் சேர்த்து எண்ணும். இதை மாணவர் தாமே கண்டுபிடிக்கட்டும்.

ஷெல்லுக்கு ஒதுக்கப்படும் வகுப்புகள் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதே நேரத்துக்குள் இதைச் செய்ய முடியும். அடுத்த பருவத்துக் கையேட்டில் எண் கணக்குகளை எடுத்துவிட்டு, கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றுவது, நாள்தோறும் நகல் எடுத்து வைப்பது, லாக் கோப்பிலிருந்து தகவல் பிரிப்பது ஆகிய மூன்றையும் வையுங்கள். நோட்டில் எழுதச் சொல்லாமல் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லி மதிப்பெண் கொடுங்கள். ஸ்கிரிப்டில் விடுபட்ட மேற்கோள் குறிகளைச் சுட்டிக்காட்ட ஷெல்செக் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஆய்வகக் கணினிகளில் அதையும் நிறுவிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு பணிபுரியும் ஒருவன்