முற்று எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பில் எஸ்.ஏ.டி. தேர்வு எழுதும் மாணவர்களுக்காக வந்த ஆங்கிலப் பிழைகள் பட்டியலைப் படித்தேன். 'டிஸ்கஸ் அபௌட்' தவறு, 'ரிட்டர்ன் பேக்' தவறு, 'கசின் பிரதர்' தவறு என்று ஒரு முழுப் பக்கம். தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் அந்தத் தேர்வில் இவற்றைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது இணைய வகுப்பில் இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையோடு வந்த மாதிரி வினாக்களிலேயே கோளாறு. ஒரு வாக்கியத்தில் நான்கு இடங்களில் அடிக்கோடு, பிழை எதில் என்று கேள்வி, ஐந்தாவது விடையாக 'பிழை இல்லை'. இந்த வகை வினா 2005-ல் சேர்த்த எழுத்துப் பிரிவில் இருந்தது. 2016 மார்ச்சில் தேர்வை மாற்றியபோது எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டி நூல்களில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது தேர்வு கணினியில் நடக்கிறது. வெளிநாடுகளில் 2023-லும் அமெரிக்காவில் 2024-லும் மாறினார்கள். ஆங்கிலப் பிரிவில் 54 வினாக்கள், 64 நிமிடங்கள். இரண்டு பகுதி, பகுதிக்கு 27 வினா. கணக்குப் போட்டால் ஒரு வினாவுக்கு 71 விநாடி. வினாவுக்கு வினா ஒரு குட்டிப் பத்தி, அதில் ஒரு கோடிட்ட இடம் அல்லது ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். இதில் இலக்கணமும் நிறுத்தக்குறியும் சேர்ந்து 11 முதல் 15 வினாக்கள், ஏறக்குறைய கால் பங்கு. 'பிழையைக் கண்டுபிடி' என்று யாரும் கேட்பதில்லை. சரியானதைப் போட்டு வாக்கியத்தை முடி என்கிறார்கள். பிழைகள் மற்ற மூன்று விடைகளுக்குள் பதுங்கியிருக்கும்.

'எ', 'ஆன்', 'தி' எங்கே போடுவது என்று நம் பிள்ளைகள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது இந்தத் தேர்வின் பாடப் பட்டியலிலேயே கிடையாது. இருப்பவை எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள பொருத்தம், முற்றா எச்சமா என்பது, காலம், பிரதிப்பெயர், அடைமொழித் தொடரின் இடம், உடைமையும் பன்மையும், பிறகு நிறுத்தக்குறிகள். அவ்வளவுதான். இதில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்: முற்று எங்கே?

'சத்தமாக வாசித்துப் பார், காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைப் போடு' என்று உங்கள் கட்டுரையாளர் சொல்கிறார். வினா தயாரிப்பவர்களுக்கும் காது உண்டு, ஐயா. காதை ஏமாற்றும் விடையை அவர்கள் தெரிந்தேதான் வைக்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்குக் காதைவிட நல்ல கருவி கையிலேயே இருக்கிறது. வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம் என்று பள்ளியில் உருப்போட்டதுதான்.

எறும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒருவர் புதிய கொள்கை ஒன்றை முன்வைத்ததாக ஒரு பத்தி. கோடிட்ட இடத்துக்கு நான்கு விடைகள்: 'ப்ரபோசிங்', 'டு ப்ரபோஸ்', 'ஹேவிங் ப்ரபோஸ்ட்', 'ப்ரபோஸ்ட்'. பத்தியில் 'ஹூ ஸ்டடீட் ஆன்ட்ஸ்' என்று ஒரு வினை முன்னமே வந்துவிட்டதால், வாக்கியம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைத்து 'ப்ரபோசிங்' போட்டுவிடும். ஆனால் 'ஹூ' தொடங்கிவைத்த பகுதி நம் பெயரெச்சம் மாதிரி. 'எறும்புகளை ஆராய்ந்த அறிஞர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் 'என்ன செய்தார்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் 'முன்வைத்தார்'. முற்று ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். இப்படிச் சொல்லிக்கொடுத்த பிறகு இந்த வகை வினாவில் என் வகுப்பில் யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.

அடுத்தது ஒருமை பன்மை. இதில் தமிழே நமக்குக் குழி பறிக்கிறது. 'கோயில் மணிகளின் ஓசை கேட்டது' என்னும்போது ஓசை என்ற எழுவாய் வினையை ஒட்டியே நிற்கிறது, மணிகள் முன்னே போய்விடுகின்றன. ஆங்கிலத்தில் தலைகீழ். 'தி சவுண்ட் ஆஃப் தி பெல்ஸ்' என்று எழுவாய் முதலிலேயே வந்துவிட, வினைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவது பெல்ஸ். பக்கத்தில் இருப்பதோடு வினையைப் பொருத்திப் பழகிய பிள்ளை 'வேர்' என்று போட்டுவிடுகிறது. தேர்வில் இடையில் இரண்டு மூன்று பன்மைச் சொற்களைச் செருகியிருப்பார்கள். நான் சொல்வது, முற்றைப் பிடித்துக்கொண்டு, அது யாருடையது என்று பின்னோக்கிப் போ. 'ஆஃப்', 'இன்', 'வித்' என்று தொடங்குகிற தொடரையெல்லாம் விரலால் மறைத்துவிட்டுப் பார். இன்னொன்றும் உண்டு. விடைகளில் 'ஆர்', 'வேர்', 'ஹேவ் பீன்', 'இஸ்' என்று இருந்தால், ஒருமையாக இருப்பது ஒன்றுதான். விடை அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைக் குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 71 விநாடியில் குறுக்குவழி பாவமில்லை.

காற்புள்ளிக்கு வருகிறேன். 'மழை நின்றது, பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்' என்று உங்கள் நாளிதழிலேயே தினமும் வருகிறது. இந்தக் கடிதத்திலும் அப்படி எழுதியிருக்கிறேன். தமிழில் அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். இந்தத் தேர்வில் இரண்டு முற்றுகளை வெறும் காற்புள்ளியால் ஒட்டினால் விடை தப்பு. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் காற்புள்ளியோடு 'அண்ட்', 'பட்' போல ஓர் இணைப்புச் சொல் வேண்டும். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் முற்றுப்புள்ளியும் அரைப்புள்ளியும் அங்கே ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. ஆகவே இரண்டு விடைகளுக்குள் அது மட்டுமே வேறுபாடு என்றால் இரண்டையும் அடித்துவிடலாம். 'ஹவ்எவர்' வந்தால் மட்டும் நிதானம் தேவை. அது முந்தைய வாக்கியத்தின் வாலா, அடுத்ததன் தலையா என்பதைப் பொருளை வைத்துத்தான் சொல்ல முடியும். அரைப்புள்ளி அதற்கு முன்னால் வருவதும் உண்டு, பின்னால் வருவதும் உண்டு.

எழுவாய் நீண்டுவிட்டால் மூச்சு விட ஒரு காற்புள்ளி போடும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. எழுவாய்க்கும் முற்றுக்கும் இடையே ஒற்றைக் காற்புள்ளி கூடவே கூடாது. 'இட்ஸ்' என்பதில் எழுத்துக்கு மேலே குறி போடுவதா வேண்டாமா என்ற சிக்கலுக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. 'இட் இஸ்' என்று விரித்துப் பார்த்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

கடைசியாக, அந்தரத்தில் தொங்கும் எச்சம். 'பள்ளிக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது.' போனது யார் என்று தமிழில் சொல்ல வேண்டியதே இல்லை, கேட்பவருக்குப் புரியும். இதையே 'வாக்கிங் டு ஸ்கூல்' என்று தொடங்கி, காற்புள்ளி போட்டு, 'தி ரெயின்' என்று தொடர்ந்தால் ஆங்கிலத்தில் மழை பள்ளிக்கு நடந்து போகிறது. காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் பெயர்தான் நடந்தவர். நன்றாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள்கூட விழுகிற இடம் இது. பேச்சில் யாரும் திருத்துவதில்லை என்பதால் அவர்களுக்குப் பிழையாகவே படுவதில்லை. உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, ப்ளூபுக் என்ற தன் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். இந்த இரண்டு செய்தியும் அந்த முழுப் பக்கத்தில் எங்குமே இல்லை.

அடுத்த இணைப்புக்கு வேண்டுமானால் பத்து வினாக்களை விளக்கத்தோடு நானே எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை மட்டும் ஒரு முறை எனக்கு அனுப்பிவைக்க வேண்டும். உங்கள் அச்சுக்கோப்பில் அரைப்புள்ளிகள் அடிக்கடி காற்புள்ளியாகிவிடுகின்றன. இந்த வினாக்களில் அப்படி ஆனால் விடையே மாறிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை